நேத்து வரைக்கும் நல்லாதான் ஓடுச்சு

புயல் கரையைக் கடந்த மூன்றாம் நாள்
கல்மண்டபத்தில் என் கடைக்கு
பதினொரு மரமறுக்கும் மிஷின்கள் வந்தன.
போட்டு இன்ஜின்களை ஓரம் தள்ளிவிட்டு
ஈரம் காயாத தரையில் கோணி விரித்தேன்.

தூக்கி வந்த பதினொரு பேரும் சொன்னது
ஒரே வாக்கியம்:
'நேத்து வரைக்கும் நல்லாதான் ஓடுச்சு.'

ஆட்களை நான் கேட்பதில்லை.
பிளக்கைக் கழற்றி முகர்ந்து பார்ப்பேன்.
நனைந்திருந்தால்
சோக்கை இழுத்து வைத்துக்கொண்டே
கயிற்றோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.
மூச்சுமுட்டக் குடித்திருக்கிறது பாவம்.
பிளக் இல்லாமல் பத்து இழுப்பு,
வாந்தியெடுத்தால் தெளிந்துவிடும்.
காய்ந்திருந்தால் பசி.
டேங்கில் கொக்கி விட்டு
ஃபில்டரைக் குழாயோடு தூக்குவேன், கெளுத்தி மாதிரி வரும்.
போன வருஷத்துப் பெட்ரோல்
வார்னிஷ் வாடை அடிக்கும்.
கார்ப்பரேட்டருக்குள் டயாஃப்ரம்
பொரிக்காத அப்பளமாய் விறைத்திருக்கும்.

தண்டையார்பேட்டை மிஷின்
பத்து நிமிஷம் ஓடிப் படுத்துக்கொண்டது.
டேங்க் மூடியைத் திருகினேன்,
உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது.
மூச்சுத் துளையில் மரத்தூள், அவ்வளவுதான்.
காசு வேண்டாமென்றேன். டீ வாங்கித் தந்தான்.

கொருக்குப்பேட்டைக்காரனுடையது
சும்மா நிற்கும்போதே செயினைச் சுழற்றியது,
பேச்சை முடிக்கத் தெரியாத ஆள்போல.
ஸ்க்ரூவைக் கால் சுற்று தளர்த்த
வாயை மூடியது.

பதினொன்றாவது கஜபதியுடையது.
கயிறு லேசாக வந்தது,
எதிர்த்து இழுக்க
உள்ளே யாருமில்லாத மாதிரி.
சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்தேன்.
பிஸ்டன் மேனியெங்கும் நெடுக்குக் கீறல்கள்,
பூனை பிறாண்டிய கதவு.

எனக்கு ஏறிவிட்டது.
'லிட்டருக்கு இருபது மில்லி ஆயில்.
ரெண்டு டீ காசு.
அதுலயா மிச்சம் புடிச்ச?'

உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டே
அவன் சொன்னான்:
'தெரியும்க்கா.
மூலகொத்தளத்துல தூங்குமூஞ்சி மரம்
வூட்டு மேல வுயுந்துட்சி.
உள்ள ஒரு அம்மாவும் புள்ளையும்.
கலந்து வச்சது தீந்து போச்சி,
கடை எதுவும் தொறக்கல.
நின்னுகினு இருந்த பைக்ல டியூப் வுட்டு
உறிஞ்சி ஊத்துனேன்.'

'எவ்ளோ நேரம் ஓடுச்சு?'

'அடிமரம் பாதி தாண்டுற வரைக்கும்.
அப்பறம் கீச்சுனு கத்திக்கினு நின்னுட்சி.
மீதி கோடாலி.
புள்ள தும்மிக்கினே வெளிய வந்துட்சி.'

அம்மாவைப் பற்றி அவன் சொல்லவில்லை.
நான் கேட்கவில்லை.

என் நோட்டில் நாலு கட்டம்:
பெயர், கோளாறு, காரணம், தொகை.
மூன்றாவதில் பாதிப் பக்கம்
அலட்சியம், அலட்சியம் என்றே போகும்,
மேற்படி என்று இரண்டு புள்ளி வைத்துக்கூட.
அவன் வரிக்கு வந்ததும் பேனா நின்றது.
'ஆயில் இல்லை' என்று எழுதினேன்.
அது பொய்யில்லை.

சிலிண்டர் பிழைத்துக்கொள்ளும்.
ஒட்டிய அலுமினியத்தை ஆசிட் தொட்டு அரித்து
எமரித் தாளால் மெதுவாகத் தேய்த்தேன்.
பிஸ்டனும் ரிங்கும் புதுசு.
கிளிப் ஒன்று தெறித்து
அரைமணி நேரம் தரையில் தவழ வைத்தது.
கஜபதியும் தவழ்ந்தான்.

கடைசியாக ஏர் ஃபில்டர்.
மரத்தூள்தான் இருக்குமென்று பிரித்தேன்,
தூளுக்குள் செங்கல் பொடி,
கொஞ்சம் நீலச் சுண்ணாம்பு,
யாருடைய சுவரோ.

வாசலுக்குப் போய்க் கட்டையில் தட்டினேன்.
எதிர்க்காற்று, முகத்துக்கே வந்தது.
தும்மினேன்.

கஜபதி சட்டென்று
திரும்பிப் பார்த்தான்.